கூற்றும் பகடையும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டைப் பற்றியது. இலக்கிய மேடையில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று தாங்கள் எண்ணக்கூடும். இறுதியில் அது நம் வட்டத்திற்கே வந்து சேரும் என்பதால் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில், சேலையூரில் உள்ள என் மகள் வீட்டில், என் பேரனும் அவனுடைய கல்லூரித் தோழர் நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிக்கொண்டிருந்தனர். அது பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒருவர் கதைக்களத்தை அமைத்து நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். பாத்திரத்தின் உடல்வலிமை, அறிவு, பிறரை ஈர்க்கும் ஆற்றல் முதலியன எண்களாகத் தாளில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு செயல் கைகூடுமா என்பது ஐயமாகுமிடத்து, இருபது முகங்கொண்ட பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் எண்ணைக் கூட்டி முடிவு காண்பர்.

அன்று என் பேரன் அமைத்திருந்த களம் தொண்டைமானின் அவை. அதியமானுக்காக ஔவையார் அங்குத் தூது சென்றதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டால் அறிவோம். நாம் வாழும் இத்தாம்பரமும் பழைய தொண்டை நாட்டின் பகுதியே அல்லவா? ஔவையாக ஆடியவள் திக்கிப் பேசும் ஒரு மாணவி. தன் முறை வந்ததும், “அவன் படைக்கலங்களைப் புகழ்கிறேன். ஆனால் அவை போர் காணாதவை என்பது அவனுக்கு உறைக்கும்படி புகழ்கிறேன்” என்று தாழ்ந்த குரலில், இடையிடையே நின்று நின்று சொல்லிவிட்டுப் பகடையைக் கையில் எடுத்தாள். பேச்சுப்போட்டிகளில் பரிசு பல பெற்ற தோழன் ஒருவன் உடனே குறுக்கிட்டான். “இப்படிச் சொல்வது ஆட்டம் ஆகாது. ஔவையாகவே பேசிக்காட்டு. பகடையா கவிதை பாடும்?” என்றான். அவள் பகடையைக் கீழே வைத்துவிட்டாள்.

இவ்வழக்கு அவ்வாட்டக்காரரிடையே நெடுநாளாக உள்ளது. 1974ஆம் ஆண்டு விதிகளிலேயே ஈர்ப்பாற்றலுக்கு ஓர் எண் உண்டு. எதிர்ப்படுவோர் நட்புக் கொள்வரா, பகை கொள்வரா என்பதற்குப் பகடை உருட்டலும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு, இணக்கிப் பேசுதல், பொய்யை நம்பவைத்தல், அச்சுறுத்தல் ஆகியவற்றைத் தனித்தனித் திறன்களாக்கி எண் வகுத்தது. சொல்லுக்கு ஈடாகப் பகடை நிற்குமானால் பாத்திரமாக நடிப்பது எதற்கு என்பர் ஒரு சாரார். மல்லனாக ஆடுபவனைப் பாறையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறோமா, தூதராக ஆடுபவரை மட்டும் சொல்வன்மை காட்டச் சொல்வது என்ன நீதி என்பர் மறு சாரார்.

இவ்வழக்கைக் கேட்டபோது என் நினைவு தொல்காப்பியத்திற்குச் சென்றது. செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் மாத்திரை, எழுத்து முதலியவற்றோடு கூற்று, கேட்போர் என்பனவும் வைத்து எண்ணப்பட்டுள்ளன. யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பது செய்யுளின் உறுப்பு. களவில் பேசுதற்கு உரியோர் தலைவன், தலைவி, தோழி, செவிலி உள்ளிட்ட அறுவர். கற்பில் இவரோடு பாணன், விறலி முதலான அறுவர் சேர்வர். தலைவியின் தந்தைக்கும் தமையனுக்கும் நேர்ப்பேச்சு இல்லை. அவர் சொல்லைப் பிறர் எடுத்து மொழியவே கேட்கிறோம். இவை விதிகள். அவ்விதிகளின் நிழலில்தான் கபிலர் என்னும் ஆண்மகன், குறுந்தொகையின் 25ஆம் பாட்டில், கைவிடப்படுவோமோ என்று அஞ்சும் ஒரு பெண்ணாகப் பேசுகிறார். கபிலரின் சொந்தக் குரல் எத்தகையது, அவையில் நடுங்காமல் நிற்பாரா என்று நாம் கேட்பதில்லை. நா தலைவியினுடையது. ஆயினும் விதி பாட்டை எழுதிவிடவில்லை. களவு மணத்திற்குச் சான்றாக, மீன் பார்த்து நின்ற நாரை ஒன்றுதான் உண்டு என்பதைக் கண்டறிந்தவர் கபிலரே.

செய்யுள் உறுப்புகளுள் முன்னம் என்று ஒன்று உண்டு. இவ்விடத்தில், இம்மொழியை, இவர் இவர்க்குச் சொன்னார் என்று கேட்போர் உணரச் செய்வது அது. அம்மாணவி சொன்ன சிறு வாசகத்தில் பேசுபவர், கேட்பவன், பொருள், பயன் அனைத்தும் இருந்தன. இல்லாதது ஒழுக்கான ஓசை ஒன்றே. அதனை அவளிடம் கேட்பது, அவளை ஔவையாக விடாமல் அவளாகவே நிறுத்திவைப்பதாகும். மாறாக, “இணங்கவைக்கிறேன்” என்று மட்டும் சொல்லிப் பகடை உருட்டுபவன் எதுவுமே சொல்லவில்லை. தோழனின் கண்டனம் அவனுக்குப் பொருந்தும். முரட்டுக் காவலனாக ஆடுபவன் தன் சொந்த நாவன்மையால் அவையை வெல்வானாயின், அவனும் கூற்றின் மரபைப் பிழைத்தவனே. ஆதலின், என்ன சொல்வது என்பதை ஆடுபவரிடம் கேட்க வேண்டும். எவ்வாறு ஒலித்தது என்பதைப் பாத்திரத்திற்கு விட்டுவிட வேண்டும் என்பது என் துணிபு.

என் பேரனும் ஏறத்தாழ அவ்வாறே தீர்ப்பளித்தான். கருத்துப் பொருத்தமானது என்று கூறி, எட்ட வேண்டிய எண்ணைப் பதினைந்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தான். அவள் உருட்டினாள். ஏழு விழுந்தது. ஔவையின் ஐந்தைக் கூட்டப் பன்னிரண்டு. தொண்டைமான் தலைகுனிந்தான். குறுக்கிட்ட தோழனே முதலில் கைதட்டினான்.

அன்பர்களே, இனி நம் வட்டத்திற்கு வருகிறேன். வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். கற்றும் அவைக்கு அஞ்சுவாரிடம் அவர் கடுமையாகவே பேசுகிறார். அரசவைக்கு அக்கடுமை தகும். கவியரங்கிற்குத் தகுமா? நம் வட்டத்தின் இரண்டாம் ஆண்டில் ஓர் இளைஞர் கவிதை படிக்க எழுந்தார். தாள் நடுங்கியது, குரல் எழவில்லை. அன்று தலைமை தாங்கிய நான், “உரக்கப் படியுங்கள்” என்று இருமுறை சொன்னேன். எங்கோ ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் தாளை மடித்துக்கொண்டு அமர்ந்தார், அதன்பின் வரவில்லை. அக்கவிதை நல்லதா அல்லதா என்பதை இன்றுவரை நான் அறியேன். நாம் கேட்டது அவருடைய குரலைத்தான், கவிதையை அன்று. அப்பிழை என்னுடையது.

ஆகவே பதினோராம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வேண்டுகோள். அவையில் பேச அஞ்சுவோர் தம் கவிதையை மற்றோர் உறுப்பினர் படிக்கத் தரலாம் என்றும், அதனைக் குறையாக எவரும் கருதலாகாது என்றும் நாம் முடிவு செய்ய வேண்டும். தலைவிக்காகத் தோழி பேசிய மரபு நம்முடையது. முதற்கூட்டத்தில் அவ்வாறு தரப்படும் கவிதையைப் படிக்க நான் முன்வருகிறேன்.

வட்டம் வளர்க.