நிலவுக்குப் போன 321

1969 ஜூலையில் பஸ் ஆல்ட்ரின் நிலவில் இறங்கி நடந்தபோது அவர் கையில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் இருந்தது. இது பலரும் கேள்விப்பட்ட செய்தி. ஆனால் அந்த வாட்சுக்குள் ஓடிய 321 என்ற மூவ்மென்டை ஒமேகா அதற்கு முந்தைய ஆண்டே, 1968இல், கைவிட்டிருந்தது. மனிதன் நிலவில் கால் வைத்த நேரத்தில், அவன் கட்டியிருந்த வாட்சின் இயந்திரம் பழைய சரக்காகிவிட்டது!

321 என்பது 1940களின் தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தின் லெமானியா தொழிற்சாலையில் ஆல்பெர்ட் பிகே வடிவமைத்த இயந்திரம். 27 மில்லிமீட்டர் விட்டம், 17 கல். தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டும். நேரமும் காட்டும், ஸ்டாப்வாட்சாகவும் ஓடும்.

அதன் சிறப்பு, தூண் சக்கரம் என்ற ஒரு சிறு பாகத்தில் இருக்கிறது. கீழே பல் வெட்டிய சக்கரம். அதன் மேல் வட்டமாக நிற்கும் குட்டித் தூண்கள். பார்க்க ஒரு சின்னக் கிரீடம் மாதிரி. மேல் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சக்கரம் ஒரு பல் திரும்பும். அதைத் தொட்டு நிற்கும் நெம்புகோலின் மூக்கு தூண்மேல் ஏறினால் ஒரு வேலை, இரு தூண்களுக்கு நடுவே விழுந்தால் வேறு வேலை. இப்படித்தான் ஸ்டாப்வாட்ச் முள் ஓடுவதும் நிற்பதும். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது கீழ்ப் பொத்தானை அழுத்திவிட்டால், பூஜ்யத்துக்குத் திரும்பாமல் தடுப்பதும் இதே தூண்கள்தான். விரலுக்குப் பொத்தான் முரண்டு பிடிக்காமல், சீராக, ஒரே அழுத்தத்தில் இறங்கும்.

இந்தச் சக்கரத்தைச் செய்யச் செலவும் நேரமும் அதிகம். எனவே 321க்குப் பதிலாக 1968இல் வந்த 861 என்ற மூவ்மென்டில் தூண்களுக்குப் பதில் முன்னும் பின்னும் அசையும் ஒரு தகடு அந்த வேலையைச் செய்தது. 861ஐக் குறை சொல்ல மாட்டேன். உழைக்கும் இயந்திரம், பழுதுபார்க்கவும் எளிது. ஆனாலும் வாட்ச் பிரியர்கள் 321ஐ மறக்கவே இல்லை.

2019இல் ஒமேகா அதை மீண்டும் செய்யத் தொடங்கியது. பழைய வரைபடங்களைத் தேடி எடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. 1972இல் அப்பல்லோ 17இல் சென்று, நிலவில் கடைசியாக நடந்த யூஜின் செர்னனின் வாட்சை ஊடுகதிர் ஸ்கேன் எடுத்து, உள்ளே இருப்பதை அளந்து பார்த்தார்கள். ரகசியமாக நடந்த இந்த வேலைக்கு ‘அலாஸ்கா 11’ என்று சங்கேதப் பெயர்.

என்னை மிகவும் கவர்ந்தது, அவர்கள் செய்யாமல் விட்டவை. இன்றைய ஒமேகாவிடம் காந்தத்துக்கு அசராத சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் (துடிப்பைச் சீராக்கும் சுருள்வில்) உண்டு, சக்கரங்களைத் துடிப்புக்குத் துடிப்பு விடுவிக்கும் கோஆக்சியல் எஸ்கேப்மென்ட் உண்டு. இரண்டையும் உள்ளே நுழைக்கவில்லை. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து, அப்படியே இருக்கிறது. டயலில் ஒவ்வொரு நொடியும் ஐந்தாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் நிற்கும் முள் கோட்டின் மேலேயே நிற்கும். வேகத்தைக் கூட்டியிருந்தால் இந்தப் பொருத்தம் போயிருக்கும். கையில் எல்லா வசதியும் இருந்தும் தொடாமல் விட்டதை நான் மரியாதை என்றே சொல்வேன்.

மாறியவையும் உண்டு. பழைய இயந்திரத்தின் செம்புப் பூச்சுக்குப் பதில் இப்போது சிவந்த தங்கப் பூச்சு. பழைய ஸ்பீட்மாஸ்டரின் பின்பக்கம் கெட்டியான எஃகு. அதற்குள் காந்தத்தைத் தடுக்க மெல்லிரும்பு மூடி ஒன்றும் இருந்தது. ரிப்பேர்காரரைத் தவிர வேறு யாரும் 321ஐப் பார்த்திருக்க மாட்டார்கள். புதிய வாட்சுக்குப் பின்பக்கம் சஃபையர் கண்ணாடி. இயந்திரம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் இரும்பு மூடிக்கு இடமில்லை. அன்று வேலைக்காகச் செய்த பொருள் இன்று பார்ப்பதற்காகவும் செய்யப்படுகிறது. வித்தியாசம் முக்கியமாக இதில்தான் இருக்கிறது.

செய்யும் முறையும் மாறிவிட்டது. அன்று தொழிற்சாலை வரிசையில் வந்தது. இன்று பியென் நகரில் தனிப் பட்டறையில், ஒரே கலைஞர் மூவ்மென்டைக் கோத்து, கூட்டில் பொருத்தி, கைப்பட்டையையும் மாட்டி முடிக்கிறார். அதனால்தான், ‘புதியது வெறும் நகல்’ என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஐம்பது ஆண்டு விட்டுப்போன கைவேலையை மறுபடி பழகி எடுத்திருக்கிறார்கள்.

பழைய 321 வாங்க நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பொத்தானை அழுத்திப் பாருங்கள். பலம் பிரயோகிக்க வேண்டியிருந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கலாம், அல்லது நெம்புகோல் தேய்ந்திருக்கலாம். கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் முள் நேராகப் பன்னிரண்டில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். விலை பேசும் முன்பு, நம்பிக்கையான ரிப்பேர்காரரிடம் பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வேறு வாட்சின் பாகங்களைக் கலந்து மாட்டியிருந்தால் அவர் கண்ணுக்கு அது தெரிந்துவிடும்.