பெயர் கேளாத வினாக்கொத்தும் ஐ.பி. முகவரியும்



ஒருவருடைய பெயரைக் கேளாதுவிட்டால் அவர் யாரென்பது மறைந்துவிடும் என்று எண்ணுதல் இயல்பு. காகிதத்தில் வினாக்கொத்து நிரப்பப்பட்ட காலத்தில் அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தியது. பெயரும் கையொப்பமும் இல்லாத தாள் பெட்டிக்குள் இடப்பட்டபின், அது எவருடையது என்று பிரித்தறிதல் அரிது. இணையத்தின் வழியே விடை அனுப்பப்படும்போது நிலைமை வேறு. விடையளிப்பவர் தம் பெயரை எழுதாவிடினும், அவருடைய இணைப்புக்குரிய ஓர் இலக்கம் மறுமுனைக்குத் தெரிந்துவிடுகிறது. அதுவே ஐ.பி. முகவரி. ஆய்வுகளில் பங்குபற்றுவோரின் அம்முகவரியைச் சேகரிப்பவர் சட்டத்தின்படி யாது செய்தல் வேண்டும் என்பதே இன்றைய பொருள்.

அஞ்சலுக்கு முகவரி எப்படியோ, இணையத்துக்கு இவ்விலக்கம் அப்படி. அது இன்றேல் கேட்ட செய்தி கேட்டவரிடம் வந்து சேராது. 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறையின்படி, 0 முதல் 255 வரையுள்ள எண்கள் நான்கு சேர்ந்தது ஒரு முகவரி. அம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமையும். அவை போதாமையால், தொலைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தும் அடிக்கடி மாற்றியும் வழங்குகின்றன. எனினும், எந்த நேரத்தில் எந்த முகவரி எந்தச் சந்தாதாரருக்கு வழங்கப்பட்டது என்பதற்கு அந்நிறுவனங்களிடம் பதிவு இருத்தல் கூடும். ஆகவே இவ்விலக்கம் பெயரன்று. பெயரைத் திறக்கவல்ல திறவுகோல்.

இதனால் விளையும் தீங்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நானாட்டான் பகுதியின் நெல்வயல்கள் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பியிருப்பவை. சிறுபோகத்தில் எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் நீர் என்பது அங்கு உயிர்நாடியான கேள்வி. நீர்ப்பங்கீடு நேர்மையாக நடைபெறுகிறதா என்று ஓர் ஆய்வுக் குழு கமக்காரரிடம் இணையவழியே வினவுவதாகக் கொள்க. பெயர் வேண்டாம் என்ற வாக்குறுதியை நம்பி, ஒருவர் தம் குறையை ஒளிவின்றி எழுதுகிறார். வயலின் பரப்பு, வாய்க்காலின் பெயர், விடையளித்த நேரம், ஐ.பி. முகவரி ஆகிய நான்கும் ஒரே பட்டியலில் அமர்ந்துவிட்டால், சிற்றூரில் அவரை இனங்காணுதல் பெருங்காரியமன்று. அப்பட்டியல் பிறர் கையில் சிக்கினால், அடுத்த போகத்தில் அவர் யாரிடம் நீர் கேட்டு நிற்பார்?

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ இனங்காட்டவல்ல தகவல் அனைத்தும் தனிப்பட்ட தரவே என்பது அதன் வரைவிலக்கணம். பெயர், அடையாள இலக்கம் ஆகியவற்றோடு இணையவழி அடையாளங்காட்டியும் அதில் எண்ணப்பட்டுள்ளது. இதே கேள்வி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்திலும் எழுந்தது. ஜேர்மனியின் அரச இணையத்தளங்கள் பார்வையாளரின் முகவரிகளைச் சேமித்ததை எதிர்த்துப் பற்றிக் பிரேயர் என்பவர் தொடுத்த வழக்கில், 2016 ஒக்டோபர் 19ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. மாறும் முகவரியாயினும், அதற்குரியவரைக் கண்டறியச் சட்டவழி இருக்குமாயின், அது தனிப்பட்ட தரவே என்றது நீதிமன்றம். அதே வேளையில், இணையத்தளத்தைத் தாக்குதலிலிருந்து காத்தல் போன்ற நியாயமான தேவை இருக்கக்கூடும் என்பதையும் அது மறுக்கவில்லை.

அவ்வாறாயின் சேகரிப்பவரின் கடமைகள் யாவை? சேகரிப்புக்குச் சட்டம் ஏற்கும் அடிப்படை ஒன்று வேண்டும். பங்குபற்றுநரின் சம்மதம் அவற்றுள் ஒன்று. அச்சம்மதம் விவரமறிந்து தாமே உவந்து அளித்ததாயிருத்தல் வேண்டும். எந்த நோக்கத்துக்காகச் சேகரிக்கப்படுகிறது, எவர் பார்ப்பர், எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்பவற்றை முன்னரே தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். நோக்கத்துக்கு மிஞ்சியதைத் திரட்டலாகாது. திரட்டியதைப் பிறர் கையில் சிக்காமற் காத்து, தேவை முடிந்ததும் அழித்தல் வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவரின் தரவு விசேட வகையைச் சேர்ந்தது. அவர்களிடம் சம்மதத்தின் பேரில் பெறுவதாயின், அது பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதமாயிருத்தல் வேண்டும். மாணவரிடம் வினாக்கொத்து வழங்கும் பாடசாலைகள் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

ஒருவரே இருமுறை விடையளிப்பதைத் தடுக்க முகவரி தேவை என்பர் சிலர். அக்காரணம் தோற்றத்தில் வலியது, நடைமுறையில் மெலியது. ஒரு வீட்டில் ஐவர் ஒரே இணைப்பைப் பயன்படுத்தினால், ஐவரின் விடையும் ஒருவருடையதாகத் தோன்றும். ஒருவருடைய முகவரி மாலையில் மாறிவிட்டால், அவரே இருவராகத் தோன்றுவார். இத்தகைய பயனுக்காக ஊரார் அனைவரின் அடையாளத்தையும் சேமித்துவைத்தல் தகுமா? ஆய்வு மென்பொருள் சிலவற்றில், கேளாமலே முகவரி பதிவாகும். அதனை நிறுத்தும் வசதியும் அவற்றிலேயே உண்டு. அவ்வசதியைத் தேடி அறிந்து, தேவையில்லையெனில் நிறுத்திவிடுவதே ஆய்வாளரின் முதற்பணி.

இச்சட்டம் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்டது. எனினும் இதன் நெறி இந்நாட்டுக்குப் புதிதன்று. 1871ஆம் ஆண்டு முதல் இலங்கையில் குடிசனமதிப்பு நடைபெற்று வருகிறது. வீடு தேடி வரும் கணக்கெடுப்பாளர் அறிந்ததை வெளியிடலாகாது என்பது அப்பணியின் விதி. அந்த நம்பிக்கையினாலேயே மக்கள் கதவைத் திறந்து உண்மை உரைக்கின்றனர். இணையவழி வினவுவோரும் அந்நம்பிக்கைக்கே கடன்பட்டவர். பெயர் வேண்டாம் என்று எழுதுபவர், பெயரைத் திறக்கும் இலக்கத்தையும் வேண்டாம் என்று விடுதல் வேண்டும். விட இயலாதெனில், அதனை வினாக்கொத்தின் முதல் வரியிலேயே சொல்லுதல் வேண்டும்.