காற்றுக்கு எல்லைக்கல் இல்லை
(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் முன்னோர்கள் இந்தச் சங்கத்தை வளர்த்த வரலாற்றை எனக்கு முன் பேசியவர்கள் எடுத்துரைத்தார்கள். இளைய வணிகர்களாகிய எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, காற்றும் வாடகை வீடும். இரண்டையும் ஏன் சேர்த்துக் கொடுத்தார்கள் என்று முதலில் எங்களுக்கே விளங்கவில்லை. பிறகு பார்த்தால், விடை எங்கள் கடையின் மேல்மாடியிலேயே இருந்தது.

2005 ஆகஸ்ட் மாதத்தை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம். அன்று அது 500ஐத் தாண்டியது. 11ஆம் தேதி போர்ட் கிள்ளானிலும் நம் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவித்தார்கள். எங்கள் வயதினர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். பள்ளி மூடியதில் எங்களுக்கு மகிழ்ச்சி. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும்தான் கவலை.

அன்றைய புகை பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து வந்தது. ஆனால் எல்லாப் புகையும் கடல் தாண்டி வருவதில்லை. நம் பக்கத்திலேயே ராஜா மூசா காடு இருக்கிறது. மலாயில் காம்புட் என்று சொல்லும் கரிச் சதுப்பு நிலம் அது. நீர் நிறைந்திருக்கும் வரை அது தீப்பிடிக்காது. மரம் வெட்டவும் விவசாயத்திற்கும் வெட்டிய கால்வாய்கள் நீரை வடித்துவிட்டால் மண்ணே விறகாகிவிடும். தீ நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் கனியும். மேலே நீர் பாய்ச்சினாலும் எளிதில் அணையாது. ஆகவேதான் கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி, மரக்கன்று நடும் பணியை 2008 முதல் வன இலாகாவும் தொண்டர்களும் செய்து வருகிறார்கள்.

இந்த வட சிலாங்கூர்ச் சதுப்புக் காடு கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஒரு மாவட்டத்தில் கால்வாயைத் திறந்தால் அடுத்த மாவட்டத்தின் மண் காய்கிறது. பெஸ்தாரி ஜெயாவில் எரிந்தால் ஈஜோக்கில் இருமுகிறார்கள். ஒரு மன்றம் மட்டும் விழித்திருந்து பயனில்லை.

இதை லண்டன் மாநகரம் முன்பே கற்றது. 1952 டிசம்பரில் அங்கே ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைக்கு வீடுகளின் நிலக்கரி அடுப்பும் பெரிய காரணம். 1956இல் வந்த தூய காற்றுச் சட்டம், புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களிடமே கொடுத்தது. அடுப்பை மாற்றும் செலவில் பெரும் பகுதிக்கு உதவித்தொகையும் கிடைத்தது. சட்டத்தோடு உதவியும் வந்ததால் மக்கள் ஒத்துழைத்தார்கள்.

இனி எங்கள் மேல்மாடிக்கு வருவோம். 2019 செப்டம்பரில் மீண்டும் புகைமூட்டம், பள்ளிகள் மூடப்பட்டன. மாடியில் குடியிருந்த ஓர் இராமநாதபுரத்துத் தம்பி இரவெல்லாம் இருமினார். பார்க்கப் போனோம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் மூன்று அறைகள். அறைக்கு ஐந்து பேர். நடு அறைக்குச் சன்னல் இல்லை. நடையில் எரிவாயு அடுப்பு. வெளிப்புகை உள்ளே வந்தது, சமையல் புகை வெளியே போகவில்லை. தெருவைவிட அறைக்குள் மூச்சு முட்டியது. வீட்டுக்கு வாடகை பேசாமல், ஆள் கணக்கில் பணம் வாங்கியவர்கள் நாங்கள்தான்.

தோட்டத் தொழிலாளரை மனத்தில் வைத்து 1990இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் 446, 2020 ஜூன் முதல் எல்லாத் துறைத் தொழிலாளருக்கும் விரிந்தது. விடுதி அல்லாத வீட்டில் ஒருவருக்கு உறங்க 3.6 சதுர மீட்டர் இடம் வேண்டும். எங்களில் சிலர் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தவர்கள். அளவு நாடாவை எடுத்தோம். ஓர் அறை ஏறக்குறைய 11 சதுர மீட்டர். மூன்று பேருக்குத்தான் இடம். பதினைந்து பேர் ஒன்பதானார்கள். மற்ற ஆறு பேருக்கும் வேறு வீடு பார்த்துக் கொடுத்த பிறகே மாற்றினோம். சுவரை உடைத்துச் சன்னல் வைத்தோம். வாடகை வரவு குறைந்தது உண்மை. அண்டை வீட்டாரின் உரிமையை ஜும்ஆவில் கேட்டு வளர்ந்த நாம், நம் கூரைக்குக் கீழேயே இருப்பவரை அண்டை வீட்டாராக எண்ணவில்லையே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது.

ஓர் ஊரில் சோதனை என்றால், இரவோடு இரவாக ஆட்களை லாரியில் ஏற்றி அடுத்த மன்ற எல்லைக்குள் இறக்கிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். புகையைப் போலவே மோசமான வீடும் எல்லை தாண்டுகிறது. ஆகவே கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகங்களும் சபாக் பெர்ணம் மாவட்ட மன்றமும் தகவலைப் பகிர்ந்து ஒரே காலத்தில் சோதனை செய்ய வேண்டும். திருத்த அவகாசம் தர வேண்டும். குடியிருப்பவர் தெருவுக்கு வந்துவிடக் கூடாது.

மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. 1965இல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தல் திரும்பவில்லை. அதனால் சங்கத்தின் கடிதத்திற்குத் தனி எடை உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதுமுன் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். மூன்று வேண்டுகோள்கள்:

ஒன்று, மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் உறுப்பினர்கள் அடுத்த வறட்சிக்கு முன் அறைகளை அளந்து பாருங்கள். நாடாவோடு நாங்கள் வருகிறோம், கட்டணம் இல்லை.

இரண்டு, கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி எரிப்பதை இன்றோடு நிறுத்துவோம்.

மூன்று, சங்க மண்டபத்தில் ஓர் அறைக்குக் காற்று வடிகட்டி பொருத்துவோம். புகைமூட்ட நாளில் முதியோரும் குழந்தைகளும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும், எந்த இனத்தவராயினும், அங்கே வந்து மூச்சுவிடட்டும்.

அந்த இராமநாதபுரத்துத் தம்பி இப்போதும் எங்கள் மாடியில்தான் இருக்கிறார். மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முன்னிலையில் சொன்ன இந்த வார்த்தையை நாங்கள் காப்பாற்ற, இன்ஷா அல்லாஹ், நீங்களும் துணை நில்லுங்கள்.