இரவற் படைக்கலம் எத்துணை நாள்?

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழாசிரியன் படைக்கலத்தைப் பற்றிப் பேச வருவானேன் என்று உங்களுட் சிலர் எண்ணலாம். வில்லையும் வேலையும் நீக்கிவிட்டால் நம் புறநூல்களில் எஞ்சுவது யாது? மதுரை மதிலின்மேல் நின்ற போர்ப்பொறிகளை இளங்கோவடிகள் அடைக்கலக் காதையில் அடுக்கிக் கூறுகின்றார். தானே வளைந்து எய்யும் வில்லும், கல்லை உமிழும் கவணும் அவ்வடுக்கில் உள்ளன. ஆகவே இஃது எனக்குப் புறம்பான பொருளன்று. இந்தியப் படையின் தகரிகளைப் பற்றியே இன்று பேசவிருக்கின்றேன்.

‘தகரி’ என்றவுடன் விழிக்க வேண்டா. செய்தித்தாள்கள் ‘டாங்கி’ என்று எழுதுகின்றனவே, அதுதான். 1916 செப்டம்பர் 15-ஆம் நாள் பிரான்சு நாட்டுச் சொம் ஆற்றுப் போர்க்களத்தில் ஆங்கிலேயர் இவ்வூர்தியை முதன்முதல் இறக்கினர். அதனை ஆக்குங்கால் பகைவர் ஒற்றறியாவண்ணம் ‘நீர்த்தொட்டி’ எனப் பொருள்படும் சொல்லால் மறைத்து வழங்கினர். மறைப்புப் பெயரே நிலைத்துவிட்டது. பொய்யாக இட்ட பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பகைவரின் அரணைத் தகர்ப்பது தகரி. பெயரைக் கேட்டவுடன் தொழில் விளங்குகின்றது அன்றோ?

தகரிக்கு மூன்று வலிமைகள் வேண்டும். அடிக்கும் வலிமை, தாங்கும் வலிமை, நகரும் வலிமை. இம்மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. தாங்குதற்குத் தகட்டைத் தடிப்பாக்கினால் எடை ஏறும். எடை ஏறினால் விரைவு குன்றும். விரைவைக் கூட்டப் பெரும்பொறி வைத்தால் ஊர்தி பருக்கும். பருத்ததை மூட மேலும் தகடு வேண்டும். இம்மூன்றையும் தன் நிலத்திற்கும் தன் பகைக்கும் ஏற்ப நிறுத்துப் பார்த்து இசைவிப்பதே வடிவமைப்பு. அதனைப் பிறன் நமக்காகச் செய்யான்; தனக்காகவே செய்வான்.

இனி வரலாற்றிற்கு வருவோம். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் என்னும் சிற்றூரை ஒட்டிப் பெரும் தகரிப்போர் நிகழ்ந்தது. பாக்கித்தான் கொணர்ந்தவை அமெரிக்கரின் பேட்டன் தகரிகள். இந்தியரிடம் இருந்தவற்றுள் வலியவை ஆங்கிலேயரின் செஞ்சூரியன் தகரிகள். இந்தியப் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சி நிலத்தைச் சேறாக்கினர். ஓங்கி வளர்ந்த கரும்பின் மறைவில் காத்திருந்தனர். பேட்டன்கள் சேற்றில் சிக்கின. அப்துல் அமீது என்னும் படைமறவர், திறந்த சிற்றுந்தின் மேல் ஏற்றிய 106 மி.மீ. சுடுகுழல் ஒன்றைக் கொண்டு பல தகரிகளைச் சிதைத்துத் தாமும் களத்தில் மாய்ந்தார். நாட்டின் மிக உயர்ந்த போர் விருது அவர் மறைவிற்குப்பின் அவருக்கு வழங்கப்பெற்றது.

இவ்வெற்றியைப் பேசுவோர் பலர். அதே போரின் மற்றொரு பக்கத்தைப் பேசுவோர் சிலரே. போர் மூண்டதும் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் படைக்கலம் வழங்குதலை நிறுத்தியது. பிரித்தானியரும் இந்தியாவிற்கு அனுப்புவதை நிறுத்தினர். அமெரிக்கரையே பெரிதும் நம்பியிருந்த பாக்கித்தானுக்கு உதிரி உறுப்புகளும் அரியவாயின. களத்தில் நின்றவர் இரு நாட்டவர். கயிறு வேறிடத்தில் இருந்தது. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே’ என்று நம் பாட்டிமார் சொன்னது வீட்டிற்கு மட்டுமா?

ஈண்டு ஆவடி வருகின்றது. சென்னைக்கு அருகிலுள்ள ஆவடியில் பேரூர்தித் தொழிற்சாலை அமைந்தது. 1961-இல் பிரித்தானிய விக்கர்சு நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, 1965-இல் ‘விசயந்தா’ என்னும் தகரி ஆவடியிலிருந்து வெளிவந்தது. 105 மி.மீ. சுடுகுழல், ஏறத்தாழ 39 டன் எடை. பின்னர் ஏறத்தாழ 2,200 ஊர்திகள் ஆக்கப்பெற்றன. இன்று அவை படையில் இல்லை. நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. எஃகை உருக்கி வார்த்து, கடைந்து, இழைத்து, பொருத்தி அத்தனையையும் செய்து முடித்தவை நம் தொழிலாளர் கைகள். ஆயின் அவ்வூர்தியின் வடிவம் பிறருடையது.

மாணவரே, பார்த்தெழுதுதல், படைத்தெழுதுதல் என இரண்டு உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். பார்த்தெழுதுவோன் கையெழுத்து அழகாகலாம். ஒரு பிழையும் இராது. ஆனால் ஏட்டை எடுத்துவிட்டால் எழுதுகோல் நின்றுவிடும். படைத்தெழுதுவோன் தொடக்கத்தில் நூறு பிழை செய்வான். ஆயினும் அவனுக்கு ஏடு தேவையில்லை. உரிமம் பெற்று ஆக்குதல் பார்த்தெழுதுதல். விசயந்தாவுக்குப்பின் நாம் படைத்தெழுதியிருக்க வேண்டும். நடுவணரசு அடுத்த ஏட்டை வாங்கியது. சோவியத்து நாட்டின் டி-72 தகரி ‘அசேயா’ என்னும் பெயரில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஆவடியில் ஆக்கப்பெற்றது. 2001-இல் உருசியாவோடு டி-90 தகரிகள் 310-க்கு உடன்பாடு ஆயிற்று. அதுவும் ‘பீசுமா’ என்னும் பெயரோடு ஆவடிக்கே வந்தது.

குறைவில்லாத ஊர்திகளா அவை? டி-72-இல் படையாளர் மூவரே. கணைகளைப் பொறியே எடுத்துச் சுடுகுழலில் இடும். ஆகவே ஊர்தி தாழ்வானது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் அக்கணைகள் படையாளர் இருக்கைக்குக் கீழே வட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. பகைவர் கணை உள்ளே புகுந்தால் அவ்வடுக்கு முழுதும் வெடித்து மேற்கூண்டையே தூக்கி எறியும். 2022 முதல் உக்ரைன் போரில் இக்காட்சியை உலகமே கண்டது. படைமறவனின் உயிரை எங்கே வைப்பது, கணையை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்பவன் வடிவமைப்பவனே. வாங்குபவனுக்கு அம்முடிவில் பங்கில்லை. இவ்வூர்திக்குள் அமர்பவன் ஒரு தாயின் மகன் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

படைத்தெழுதும் முயற்சி நடக்கவே இல்லையா? நடந்தது. 1974-இல் ஆவடியின் போர் ஊர்தி ஆய்வு நிறுவனத்திடம் ‘அருச்சுன்’ தகரித் திட்டம் ஒப்படைக்கப்பெற்றது. படையாளர் நால்வர், 120 மி.மீ. சுடுகுழல், 58 டன்னுக்கு மேற்பட்ட எடை. ஐதராபாத்து மாழை ஆய்வகத்தார் பல்வேறு பொருள்களை அடுக்கடுக்காக இணைத்து அதற்கு மெய்ம்மறை கண்டனர். மாழை என்பது உலோகம். மெய்ம்மறை, பதிற்றுப்பத்தில் வழங்கும் சொல்தான். பகைத் தகரியைத் துளைக்கும் கணைக்கு வேண்டிய தங்குதன் கலப்புக் கோல்களைத் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலை ஆக்குகின்றது. ஈயத்தினும் ஒன்றரை மடங்குக்கு மேல் செறிவுடைய தங்குதனைக் கொண்ட அக்கோலில் வெடிமருந்து ஒரு துளியும் இல்லை. தன் எடையாலும் விரைவாலுமே எஃகைத் துளைக்கின்றது.

ஆயினும் படை, 124 அருச்சுன் தகரிகளைக் கேட்டது 2000-இல்தான். முதல் ஊர்திகள் கைக்கு வந்தது 2004-இல். முப்பது ஆண்டுகள்! அதன் 1,400 குதிரைத்திறன் பொறியும் செருமனியிலிருந்து வந்தது. எடை மிகுதி, காலத்தாழ்வு என்று குறை கூறினர். அக்குறைகளை நான் மறைக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் பார்த்தெழுதியவனிடம் ஒரே நாளில் காப்பியம் கேட்டால் வருமா? திருத்திய வடிவம் 2021 பிப்ரவரி 14-இல் சென்னையில் படையிடம் வழங்கப்பெற்றது. அவ்வாண்டே 118 ஊர்திகளுக்கு ஆணையும் பிறந்தது. 1,500 குதிரைத்திறன் பொறி ஒன்றை நம் நாட்டிலேயே ஆக்கி 2024 மார்ச்சில் மைசூரில் முதன்முறை இயக்கிக் காட்டினர். அதற்கடுத்த ஆண்டிலேயே, 2025 மார்ச்சில், டி-72 தகரிகளுக்கு 1,000 குதிரைத்திறன் பொறிகளை உருசியாவிடம் வாங்க 24 கோடியே 80 இலக்கம் தாலருக்கு உடன்பாடு ஆயிற்று. விசயந்தா வெளிவந்து அறுபது ஆண்டு ஆகியும் நெஞ்சப்பை பிறனுடையதே.

பிறரிடம் கற்றல் இழிவென்று நான் சொல்லேன். யவனத் தச்சரும் அவந்திக் கொல்லரும் தமிழ்நாட்டு வினைஞரொடு கூடிப் பணி செய்ததை மணிமேகலை கூறுகின்றது. அயலார் அறிவு வந்தபோது நம் வினைஞரும் உடன் நின்றனர், அது கூட்டு. ஏட்டை மட்டும் வாங்கி எழுத்தைக் கல்லாமல் விடுவது இரவல்.

இறுதியாக ஒன்று. விசயந்தா, அசேயா, பீசுமா, அருச்சுன். நான்கும் ஆவடியில் உருப்பெற்றவை. நான்கிற்கும் பெயர் வடமொழி. இதனை மனக்குறையாக மட்டும் சொல்லிச் செல்ல நான் வரவில்லை. பெயரிடும் உரிமை, ஆக்கியவனைத் தேடியே வரும். ஆவடியிலும் திருச்சியிலும் கடைசல் பொறிமுன் நிற்கும் தொழிலாளியின் மகன், மாழைகளின் இயல்பையும் வெப்பத்தின் இயல்பையும் தன் தாய்மொழியில் தெளிவாகக் கற்று, வடிவமைப்பு மேசையின்முன் அமரும் நாள் வரவேண்டும். கையில் இருக்கும் திறம் கருத்திற்கு ஏறும் வழி, தாய்மொழிக் கல்வியே.

நான் போரை விரும்புவோன் அல்லேன். எந்த நாட்டுத் தாயும் தன் மகனைத் தகரிக்குள் காண வேண்டா என்பதே என் விழைவு. ஆயினும் படை வைத்திருக்கும் நாடு, அப்படையினனின் உயிரை அயலானின் கணக்கில் எழுதி வைத்தல் அறமாகாது. தம்பியரே, தங்கையரே! உங்களுள் கணக்கில் வல்லார் உளர். வேதியல் வல்லார் உளர். வரைவதில் வல்லார் உளர். ஏட்டைப் பாராமல் எழுதத் தொடங்குங்கள். பிழை வரும், வரட்டும். அப்பிழைகளும் நம்முடையனவாக இருக்கட்டும்.