எல்.கே.ஜி.யிலேயே பிரெஞ்சு வேணுமா?

இது அட்மிஷன் சீசன். "எங்க ஸ்கூல்ல எல்.கே.ஜி.யிலேயே பிரெஞ்சு, ஜெர்மன்"னு பேனர் பார்த்திருப்பீங்க. அதுக்குத் தனி ஃபீஸும் உண்டு. என் வயசுல இருக்கிற நண்பர்கள் பலர் இப்போ அப்பா அம்மா ஆயிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே பயம்: இப்போ விட்டா அப்புறம் வராதோ?

சின்ன வயசுல கத்துக்கிறது பசுமரத்தாணின்னு சொல்லியே நம்மை வளர்த்தாங்க. அது பொய் இல்லை. ஆனா ஆணியை எத்தனை தடவை தட்டுறோம்? வாரத்துக்கு ரெண்டு வகுப்பு, ஒவ்வொண்ணும் 40 நிமிஷம், வருஷத்துக்கு 40 வாரம்னு வச்சுக்குவோம். மொத்தம் சுமார் 53 மணி நேரம். ஒரு குழந்தை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் முழிச்சிருக்குன்னா, இது அஞ்சு நாள் கூட இல்லை. ஒரு முழு வருஷத்துல!

ஸ்பெயின்ல ஒரு கல்விச் சீர்திருத்தம் வந்தப்போ, பள்ளியில ஆங்கிலம் ஆரம்பிக்கிற வயசை 11-லிருந்து 8-ஆகக் குறைச்சாங்க. பார்சிலோனா பல்கலைக்கழகத்துல கார்மென் முன்யோஸ் தலைமையிலான குழு இதைப் பயன்படுத்தி, ரெண்டு வகைப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 200, 416, 726 மணி நேரம் படிச்ச பிறகு சோதிச்சாங்க. ஒரே அளவு நேரம் படிச்சும், பெரும்பாலான சோதனைகள்ல 11 வயசுல ஆரம்பிச்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க. பெரிய பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரியும், விதியைச் சொன்னா பிடிச்சுக்குவாங்க. சின்னக் குழந்தை அப்படிக் கத்துக்காது. காதுல விழுந்து விழுந்துதான் அதுக்கு மொழி வரும். அதுக்கு வாரம் ரெண்டு வகுப்பு பத்தாது.

அப்போ சீக்கிரம் ஆரம்பிக்கிறதே வீணா? இல்லை. 1965-ல கனடாவுல, மான்ட்ரியலுக்குப் பக்கத்துல செயின்ட் லாம்பர்ட்னு ஒரு ஊர். ஆங்கிலம் பேசுற பெற்றோர்கள் போராடி, பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மழலையர் வகுப்பு வாங்கினாங்க. அங்க டீச்சர் பேசுறது, விளையாட்டு, பாட்டு எல்லாமே பிரெஞ்சுல. மெக்கில் பல்கலைக்கழகத்தோட வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளைப் பல வருஷம் கவனிச்சாங்க. பிரெஞ்சு நல்லாவே வந்தது. ஆங்கிலமும் குறையலை.

ஏன் குறையலை? வீட்டுல, தெருவுல, டிவியில எல்லாம் ஆங்கிலம்தான். அதை விட்டுடுன்னு யாரும் சொல்லலை. லாம்பர்ட் பின்னாடி இதை ரெண்டாப் பிரிச்சார். ஒரு மொழி மேல இன்னொண்ணைச் சேர்க்கிறது ஒரு வகை. ஒண்ணைப் பிடுங்கிட்டு இன்னொண்ணை வைக்கிறது வேற வகை.

நம்ம ஊர்ல நடக்கிறது பல சமயம் ரெண்டாவதுதான். என் அக்கா பையன் யூ.கே.ஜி. "வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க"ன்னு ஸ்கூல்ல சொல்லி அனுப்பிட்டாங்க. இப்போ அவன் அம்மா அவன்கிட்ட பேசுறது "கம்", "ஈட்", "சிட்", அவ்ளோதான். தமிழ்ல கதை கதையாப் பேசுறவ அவ. பாட்டி ஏதாவது கேட்டா, பையன் திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கிறான். அவனுக்குக் கிடைச்சது அரைகுறை இங்கிலீஷ். போனது வீட்டுல இருந்த முழுப் பேச்சு.

அதனால அட்மிஷனுக்குப் போனா மூணு கேள்வி கேளுங்க. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? டீச்சர் அந்த மொழியிலேயே விளையாடுவாரா, திட்டுவாரா, இல்லை கலர் பேரும் நம்பரும் ஒப்பிக்க வைக்கிறதோட சரியா? ஒண்ணாம் வகுப்புலயும் அது தொடருமா? மூணுக்கும் சரியான பதில் வந்தா தைரியமாச் சேருங்க. வரலைன்னா அந்த ஃபீஸை மிச்சம் பிடிங்க. ஆறாம் வகுப்புல ஆரம்பிச்சாலும் பிள்ளை பிரெஞ்சு கத்துக்கும்.

எந்த ஸ்கூலா இருந்தாலும் ராத்திரிக் கதையை மட்டும் உங்களுக்கு நல்லா வர்ற மொழியில சொல்லுங்க. அதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேட்க வேண்டாம்.