கடன் வாங்கும் கழித்தல்

யாழ்ப்பாணத்தில் கணிதக் கல்விக்கு நெடுங்காலமாக மதிப்பு உண்டு. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவப்பெற்ற செமினரியிலேயே கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. உயர்கணிதம் கற்றோர் சிறுவர்களின் கழித்தற் கணக்கைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும், சதுரங்கம் ஆடும் கணினிக்கு அக்கழித்தலே கண்ணாக அமைகின்றது.

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. காய் நிற்கும் கட்டத்துக்கு 1, வெறுங்கட்டத்துக்கு 0 எனக் குறித்தால் பலகை முழுவதும் ஓர் எண்ணில் அடங்கிவிடும். 1974இல் முதலாவது உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் வென்ற சோவியத் நாட்டுக் 'கைசா' இம்முறையையே கையாண்டது.

குதிரை இடையில் நிற்பவரைத் தாண்டிப் பாயும். அதன் கட்டங்களை முன்னரே எழுதி வைத்துவிடலாம். கோட்டையின் நிலை வேறு. நேரான ஒழுங்கையிற் செல்லும் வண்டி, குறுக்கே நிற்கும் வண்டியைக் கண்டதும் நின்றுவிடுவது போல, அது முதல் தடையோடு நின்றுவிட வேண்டும். அத்தடையைக் கணினி தவறவிட்டால் அரசனுக்கு நேர்ந்த முற்றுகையையும் அறியமாட்டாது. கட்டம் கட்டமாகத் தேடினாலோ காலம் வீணாகும்.

1000இலிருந்து 1ஐக் கழிக்கும் சிறுவன் என்ன செய்கின்றான்? பூச்சியங்களைக் கடந்து சென்று, கொடுக்க வல்ல முதல் இலக்கத்திடம் கடன் வாங்குகின்றான். முதல் தடையைத் தேடுவதும் இதுவே அன்றோ?

ஒரு வரிசையின் எட்டுக் கட்டங்களுக்கு 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என மதிப்பிடுவோம். இரண்டாம் கட்டத்தில் கோட்டையும், ஆறாம், எட்டாம் கட்டங்களில் வேறு காய்களும் நிற்கின்றன. கூட்டுத்தொகை 162. கோட்டைக்கு அடுத்த கட்டத்தின் மதிப்பாகிய 4ஐக் கழிக்க வேண்டும். மூன்றாம் கட்டம் வெறுமை. நான்கும் ஐந்தும் அவ்வாறே. ஆறாவதே கடன் கொடுக்கின்றது. விடை 158. முன்னிருந்த எண்ணோடு ஒப்பிட்டால் மாறிய கட்டங்கள் 3, 4, 5, 6 மட்டுமே. கோட்டை தாக்கும் கட்டங்களும் அவையே. பின்னால் நிற்கும் எட்டாவது காய் அசையவேயில்லை.

மறுதிசைக்கு இலக்கங்களைத் தலைகீழாக்கி இதே கணக்கைச் செய்யலாம். அமைச்சர் செல்லும் மூலைவிட்டத்துக்கு, ஏனைய கட்டங்களை நீக்கிவிட்டுக் கழித்து, விடையிலும் அவற்றை நீக்கினால் போதும்.

கடன் வாங்குவதை மனப்பாடமாக மட்டும் கற்ற பிள்ளைக்கு அது ஒரு சுமை. அதனுள் ஒரு தேடல் உண்டென்று காட்டும் ஆசிரியர், அப்பிள்ளைக்குக் கணினியின் வாயிலையே திறந்துவிடுகின்றார்.