கையெழுத்துக்கு முன்னால் யோசிப்போம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம உறுப்பினர் ஒருவர், "பிரிஞ்சிடலாம்"னு வீட்டுக்காரர் நீட்டிய முத்திரைத்தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். நகை, சீர், ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. குழுக் கடன் மட்டும் அவர் தலையில். பணத்தைச் செலவழித்தது வீட்டுக்காரர். கடன் இவர் பேரில்!

குடும்பத்தைப் பிரிப்பது நம் வேலை இல்லை. ஆனால் அப்படி ஒரு நாள் வந்தால் நாம் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

முதலில், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை ரசீது எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துத் தாய்வீட்டில் வைப்போம். நமக்குப் போட்ட நகையும் சீரும் நம் சொத்து.

அடுத்து, நம் பேரில் தனி வங்கிக் கணக்கு வேண்டும். ஏடிஎம் கார்டு நம் கையில் இருக்கணும். நம் பேரில் உள்ள கடன், ஜாமீன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்போம்.

முத்திரைத்தாளில் எழுதுவது கோர்ட் தீர்ப்பு ஆகாது. வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரணும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் வருடச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம். அடி, உதை என்றால் 181.

அந்த உறுப்பினரும் இப்போது இலவச வக்கீல் வைத்து மனு போட்டிருக்கிறார். கோர்ட்டுக்கு அவர் தனியாகப் போகவில்லை. குழுவில் இரண்டு பேர் கூடப் போகிறோம்.